பத்து எழுத்தில் அடக்க விலை



சரக்கின் மேல் விற்கும் விலையை எழுதலாம். அடக்க விலையை வெளிப்படையாக எழுத முடியாது. ஆனால் கல்லாவில் இருப்பவருக்கு அது தெரிந்தாக வேண்டும். எவ்வளவு வரை இறங்கலாம் என்று தெரியாமல் பேரம் பேசுவது கண்ணைக் கட்டிக்கொண்டு தராசு பிடிப்பதற்குச் சமம். இதற்காக வியாபாரிகள் கண்ட வழிதான் விலைக் குறி. அதை அமைக்கும் முறையையும், அதில் உள்ள ஆபத்தையும் இங்கே பார்ப்போம்.

விலையை மறைத்துப் பேசுவது நமக்குப் புதிதல்ல. மாட்டுச் சந்தையில் தரகர்கள் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்தே விலை முடிப்பதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். எழுத்தை எண்ணாக்குவதும் பழைய வித்தைதான். நம் பழைய கணக்குகளில் 'க' என்றால் ஒன்று, 'உ' என்றால் இரண்டு. கர்நாடக இசையின் 72 மேளகர்த்தா ராகங்களின் பெயர்களிலும் எண் ஒளிந்திருக்கிறது. மேசகல்யாணியில் 'மே' 5, 'ச' 6. திருப்பிப் படித்தால் 65. அதுவே அந்த ராகத்தின் எண்.

கடைக்காரர்கள் பெரும்பாலும் கையாண்டது ஆங்கிலச் சொல் முறை. பத்து எழுத்துள்ள ஒரு சொல் வேண்டும். ஓர் எழுத்துகூட இரண்டு முறை வரக்கூடாது. முதல் எழுத்து 1, இரண்டாவது 2, பத்தாவது எழுத்து 0. சுலபம் போலத் தோன்றும். தேடினால்தான் சிரமம் தெரியும். 'டைப்ரைட்டர்' பத்து எழுத்துதான். ஆனால் டி, இ, ஆர் மூன்றும் இரண்டு முறை வருகின்றன, ஆகவே உதவாது. 'மெர்ச்சண்ட்' நமக்கேற்ற சொல். எழுத்தும் திரும்ப வரவில்லை. ஆனால் எட்டோடு நின்றுவிடுகிறது. 'பேக்கிரவுண்ட்', 'இம்பார்ட்டன்ஸ்', 'ரிபப்ளிகன்' ஆகியவை பொருந்தும். ஐந்தெழுத்துச் சொற்கள் இரண்டைச் சேர்ப்பது இன்னும் சுலபம்: 'பிளாக் ஹார்ஸ்'.

'பேக்கிரவுண்ட்' என்றால் பி 1, ஏ 2, சி 3, கே 4, ஜி 5, ஆர் 6, ஓ 7, யூ 8, என் 9, டி 0. அடக்கம் 148 என்றால் சீட்டில் 'பி கே யூ' என்று எழுத வேண்டும். ஒரே எண் அடுத்தடுத்து வந்தால் சொல்லில் இல்லாத ஓர் எழுத்தைப் போடுவது வழக்கம். 255 என்பதற்கு 'ஏ ஜி எக்ஸ்'.

இனி ஆபத்தைச் சொல்கிறோம். நம் நண்பர் ஒருவர் இரும்புச் சாமான் கடை வைத்திருந்தார். பூட்டு, கீல், கொண்டி எல்லாவற்றிலும் குறி போட்ட சீட்டு தொங்கும். அவர் திடீரென்று காலமானார். அந்தச் சொல் அவர் மனதோடு போய்விட்டது. மகனுக்குக்கூடச் சொல்லி வைக்கவில்லை. பில்களில் பாதிக்கு மேல் கிடைக்கவில்லை. ஒரு மாதம் மகன் குத்துமதிப்பாக விற்றார். பிறகு தற்செயலாகக் கிடைத்த ஒரு பில்லைப் பார்த்தால், 185 ரூபாய் அடக்கமுள்ள பூட்டை 170க்குக் கொடுத்திருக்கிறார்!

அந்தப் பில்லை வைத்துக்கொண்டு நாம் இருவரும் உட்கார்ந்தோம். 185க்குச் சீட்டில் இருந்தது 'பி ஐ கே'. இன்னொரு பில்லில் 240. அதன் சீட்டில் 'எல் சி எச்'. ஆகவே முதல் எழுத்து பி, இரண்டாவது எல், நான்காவது சி, ஐந்தாவது கே, எட்டாவது ஐ, கடைசி எச். நடுவில் நான்கு இடம் காலி. கல்லூரியில் படிக்கும் பேத்தி எட்டிப் பார்த்துவிட்டு, "தாத்தா, இது பிளாக்ஸ்மித்" என்றாள். பிளாக்ஸ்மித் என்றால் கொல்லன். இரும்புக் கடைக்கு எவ்வளவு பொருத்தமான சொல்! அன்று மாலையே கடைச் சீட்டு முழுவதையும் மகன் படித்துவிட்டார்.

நமக்கு மகிழ்ச்சிதான். ஆனால் வீட்டுக்குத் திரும்பும் வழியில் வேறொரு எண்ணம் வந்தது. இரண்டே இரண்டு விலை தெரிந்ததும் ஒரு சிறு பெண் நொடியில் திறந்த பூட்டு அது. நமக்குச் சரக்குப் போடும் விற்பனைப் பிரதிநிதிக்கு நம் அடக்கம் தெரியும். வேலையை விட்டு எதிர்க்கடைக்குப் போன பையனுக்கும் நாலு விலை தெரிந்திருக்கும். அவர்களுக்கு எவ்வளவு நேரம் ஆகும்?

ஆகவே சில யோசனைகள். அகராதியில் உள்ள ஒற்றைச் சொல் வேண்டாம். தொழிலோடு தொடர்புள்ள சொல் வேண்டவே வேண்டாம். எண்ணிக்கையை முதல் எழுத்தில் தொடங்காமல் நான்காவதிலோ ஏழாவதிலோ தொடங்குங்கள். தமிழிலும் அமைக்கலாம்: 'கடன் தராமல் நீ வாழ்' என்பதில் க, ட, ன, த, ர, ம, ல, ந, வ, ழ என்று பத்தும் வேறு வேறு எழுத்து. புள்ளியும் கொம்பும் சீட்டில் அழிந்துபோகும்; எனவே தலையெழுத்தே வேறாக இருக்க வேண்டும். இதை இங்கே அச்சிட்டுவிட்டதால் நீங்கள் வேறொன்று தேடிக்கொள்ளுங்கள்!

அடக்கம் எழுதும்போது வரியையும் யோசியுங்கள். 2017 ஜூலை முதல் ஜி.எஸ்.டி. நடைமுறையில் உள்ளது. உள்ளீட்டு வரி வரவு எடுப்பவர்கள் வரி நீங்கலான விலையைக் குறிக்கலாம். காம்போசிஷன் முறையில் இருப்பவர்களுக்கு அந்த வரவு கிடையாது. வரியும் சேர்ந்ததே அவர்களுடைய அடக்கம். வண்டிக் கூலி, ஏற்று இறக்குக் கூலியை இருவருமே சேர்க்க வேண்டும். பாக்கெட் சரக்கில் குறிச் சீட்டை அச்சிட்ட அதிகபட்ச விலையின் மேல் ஒட்டி மறைக்காதீர்கள். அது சட்டப்படி தவறு.

மளிகையில் இது எதற்கு என்று கேட்கலாம். ஏலக்காய், மிளகு, முந்திரி போன்றவை ஒவ்வொரு வரத்துக்கும் ஒரு விலை. கிடங்கு மூட்டையில் குறியும் தேதியும் இருந்தால் பழைய வரத்து எது, புதிய வரத்து எது என்று குழப்பமில்லை. மார்ச் 31 இருப்புக் கணக்கும் சீக்கிரம் முடியும்.

கடைசியாக ஒன்று. சொல்லை ஒரு தாளில் எழுதி உறையில் போட்டு, பத்திரங்களோடு பீரோவில் வையுங்கள். உறை இருக்குமிடத்தை வீட்டில் நம்பிக்கையான ஒருவருக்குச் சொல்லுங்கள். ரகசியம் ஊருக்குத் தெரியக்கூடாது என்பது சரி. வாரிசுக்கும் தெரியாமல் போனால் நஷ்டம் நம் குடும்பத்துக்குத்தான்.