நாலரை மாதத்துக்கு ஒரு தொட்டி

அந்தமானில் வீடு கட்டுபவருக்குச் சென்னைச் சொந்தம் தரும் முதல் யோசனை, "மழைநீருக்கு ஒரு குழி வெட்டிடுங்க" என்பதாகத்தான் இருக்கும். சென்னைக்கு அது சரி. 2003-ல் தமிழ்நாடெங்கும் சட்டம் போட்டே குழி வெட்ட வைத்தார்கள். தீவில் கதை வேறு. இங்கே ஆண்டுக்கு ஏறக்குறைய 3,000 மி.மீ. மழை, சென்னையைப்போல இரண்டு மடங்கு. பெய்வதில் குறையில்லை, நிற்பதில்தான் குறை. சரிவு செங்குத்து, மேல்மண் மெல்லிசு, அடியில் பல இடங்களில் நீர் இறங்காத பாறை, எந்தப் பக்கம் ஓடினாலும் கடல். காலையில் கொட்டிய மழை சாயங்காலத்துக்குள் ஓடை வழியாக உப்போடு சேர்ந்துவிடும். மே முதல் டிசம்பர் வரை கையில் குடை, அப்புறம் மே நடு வரை இடுப்பில் குடம்.

போர்ட் பிளேருக்கு (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) முக்கிய ஆதாரம் 1973-ல் வந்த தனிக்காரி அணை. கோடையில் அணை இறங்க இறங்க, குழாயில் தண்ணீர் விடும் நாளும் தள்ளிப்போகும். ஆகவே வீட்டுக்காரர் செய்ய வேண்டியது மழையை மண்ணுக்குள் அனுப்புவதல்ல, தொட்டிக்குள் பூட்டி வைப்பது.

எவ்வளவு பெரிய தொட்டி? எல்லாரும் கூரையை அளந்து ஆரம்பிக்கிறார்கள். அளக்க வேண்டியது மழையில்லாத நாட்களை. ஜனவரி முதல் மே நடு வரை சுமார் 130 நாள். குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு 8 லிட்டர் வைத்தால், ஐந்து பேர் வீட்டுக்கு நாளைக்கு 40, மொத்தம் 5,200. ஒரு 5,000 லிட்டர் தொட்டியும் ஒரு டிரம்மும் போதும். குளியல், துணி எல்லாவற்றையும் இந்தக் கணக்கில் சேர்த்தீர்களானால் தலை சுற்றும், பணமும் போதாது. அவற்றுக்குக் குழாய்த் தண்ணீரும் கிணறும் இருக்கட்டும்.

கூரையைப் பற்றிக் கவலை வேண்டாம். ஒரு சதுர மீட்டரில் ஒரு மி.மீ. மழை பெய்தால் ஒரு லிட்டர். 50 சதுர மீட்டர் தகரக் கூரையில் ஐந்தில் ஒரு பங்கு வீணானாலும், 125 மி.மீ. மழைக்கு 5,000 லிட்டர் நிறைந்துவிடும். நவம்பர் மாதம் மட்டுமே சாதாரணமாக அதற்கு மேல் தரும்.

அடுத்து, தொட்டிக்கு இடம். நிறைந்த தொட்டி 5 டன் எடை. அந்தமான் நிகோபார் நிலநடுக்க அபாயத்தில் உச்சமான மண்டலம். எனவே இதை மொட்டை மாடியிலோ ஒல்லித் தூண்களிலோ ஏற்றாதீர்கள். தரையிலேயே, குழாயடியில் ஒரு குடம் நுழையும் உயரத்துக்கு மட்டும் மேடை கட்டி வையுங்கள். தொட்டி கறுப்பாக, வெளிச்சம் புகாததாக இருந்தால் பாசி பிடிக்காது.

கூரை ஓரத்துக்கு 6 அங்குல பிவிசி குழாயை நீளவாக்கில் இரண்டாக அறுத்து மாட்டினால் போதும். மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் சாய்வு கொடுங்கள். கொக்கிகளை நெருக்கமாக அடியுங்கள். இங்கே மழை அடிக்கும் வேகத்துக்கு, இரண்டு மீட்டருக்கு ஒரு கொக்கி என்றால் முதல் பருவத்திலேயே நடுவில் தொய்ந்துவிடும். கூரைமேல் சாயும் தென்னை மட்டையை வெட்டிவிடுங்கள். புதிதாகப் பெயின்ட் அடித்த ஷீட் என்றால் முதல் சில மழைகளைத் தொட்டிக்கு விடாதீர்கள்.

பலரும் விட்டுவிடுவது முதல் அழுக்கு நீரைக் கழிக்கும் குழாயை. கடல் காற்றின் உப்பு, பறவை எச்சம், துருத் தூள் எல்லாம் முதல் அரை மி.மீ. மழையிலேயே இறங்கும். 50 சதுர மீட்டர் கூரைக்கு அது 25 லிட்டர். 4 அங்குலக் குழாய் மீட்டருக்கு 8 லிட்டர் பிடிக்கும். மூன்று மீட்டர் குழாயைச் சுவரோடு செங்குத்தாக நிறுத்தி, அடியில் திருகு மூடி போடுங்கள். ஒரு மாடிச் சுவரின் உயரமும் ஏறக்குறைய அதுதான் என்பது நமக்கு வசதி. குழாயின் தலையில் ஒரு டீ இணைப்பு. அழுக்கு நீர் கீழே நிறைந்தபின், வருவதெல்லாம் டீ வழியாகத் தொட்டிக்குப் போகும். மழை விட்டதும் மூடியைத் திறந்து காலி செய்ய மறந்தால் அடுத்த மழையின் அழுக்கு நேரே உங்கள் குடிநீரில். தொட்டி வாயிலும் வழிவாயிலும் கொசுவலை கட்டாயம்.

இரண்டு தொட்டி இருந்தால் தனித்தனியாக நிரப்பாமல், முதலாவதன் வழிவாயை இரண்டாவதோடு இணையுங்கள். வண்டல் முதலாவதில் தங்கிவிடும். இது புதிய யோசனையல்ல. கிரேட் நிகோபாரின் ஷோம்பென் மக்கள் பிளந்த மூங்கிலை மரத்தடியிலும் சரிவிலும் பதித்து, ஒரு குழி நிறைந்து அடுத்ததற்கு வழியும்படி, சிறிதிலிருந்து பெரிதாகக் குழிகளைக் கோத்து வைத்திருந்தது பதிவாகியிருக்கிறது. கடைசிக் குழி சுமார் 6 மீட்டர் அகலம், 7 மீட்டர் ஆழம். பிவிசி குழாய்க்கு அவர்கள் வைத்திருந்த பெயர் மூங்கில், அவ்வளவுதான்.

எப்போது நிரப்புவது? ஜூனில் நிறைந்ததை ஜனவரிக்கு வைத்திருக்காதீர்கள். மழைக்காலம் முழுக்கத் தாராளமாக எடுத்துப் புழங்குங்கள், தொட்டி தானே நிறைந்துகொண்டிருக்கும். நவம்பர் தொடக்கத்தில் ஒருமுறை தேய்த்துக் கழுவி, கூரை ஏற்கெனவே சுத்தமாகியிருக்கும் அந்த மழையில் நிரப்புங்கள். வாயை மூடும் அன்று 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் வீதம் பிளீச்சிங் பவுடரை ஒரு வாளியில் கரைத்து, தெளிய விட்டு, தெளிந்த நீரை மட்டும் ஊற்றுங்கள். அதன் வீரியம் நாலு மாதம் நிற்காது. குடிப்பதை அன்றன்று கொதிக்க வையுங்கள்.

கிணறு வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கார் நிகோபார், நீல் (ஷஹீத் தீவு) போன்ற பவளப் பாறை நிலத்தில் நன்னீர், உப்பு நீரின் மேல் மிதக்கும் மெல்லிய படலம். கடல்மட்டத்துக்கு மேல் நன்னீர் ஒரு மீட்டர் நின்றால் கீழே ஏறத்தாழ 40 மீட்டர் நன்னீர் இருக்கும். மேலே ஒரு சாண் குறைந்தால் அடியில் எவ்வளவு உப்பு ஏறும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள். அங்கே ஆழ்துளை போட்டு மோட்டாரை ஓட விடுவது தன் கிணற்றைத் தானே கெடுப்பது. காலை கொஞ்சம், மாலை கொஞ்சம் என்று இறையுங்கள். 2004 டிசம்பர் 26 சுனாமியில் கடல் புகுந்த கிணறுகள் உப்பேறியதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கடைசியாக, தொட்டியின் பக்கவாட்டில் ஒரு கண்ணாடி டியூப்பை அடிக்குழாயிலிருந்து மேலே ஏற்றிக் கட்டுங்கள். உள்ளே எவ்வளவு என்று வெளியே தெரியும். அதன் பக்கத்தில் பெயின்டால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். உச்சியில் ஜனவரி 1. நாளைக்கு 40 லிட்டர் வீதம் பிப்ரவரி 1, மார்ச் 1 என்று இறங்கி வாருங்கள். பிப்ரவரி பிறக்குமுன் தண்ணீர் பிப்ரவரிக் கோட்டுக்குக் கீழே போனால் யாரோ அரிசி களைவதோடு பாத்திரமும் கழுவுகிறார்கள், இல்லையென்றால் குழாய் ஒழுகுகிறது. இரவில் அடியில் கிண்ணம் வையுங்கள். காலையில் அரை லிட்டர் இருந்தால், பகலையும் சேர்த்து 130 நாளில் 130 லிட்டர், குடும்பத்துக்கு மூன்று நாள் குடிநீர். வாஷரை மாற்றுங்கள். மே மாதம் தகரத்தில் முதல் மழை தட்டும்போது அடியில் ஒரு சாண் மிச்சமிருந்தால், அதை வைத்தே தொட்டியைக் கழுவிவிடலாம்.