வண்டி மாறும் தொல்லை

அன்புள்ள மகிழினிக்கு,

நகர ரயிலைப் பற்றிப் பேச்சு வந்தாலே, மணிக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்றுதான் முதலில் கேட்கிறார்கள். வழியில் வண்டி மாற வேண்டியிருக்கிறதா என்பது அதைவிடப் பெரிய கேள்வி என்பது என் கட்சி. இதற்குச் சாட்சி ஜெர்மனியின் தென்மேற்கிலுள்ள கார்ல்ஸ்ரூ. மூன்று லட்சம் பேர் வாழும் ஊர் அது. அதன் தலைமை ரயில் நிலையம் 1913-இல் தெற்கே தள்ளிப் போனதால், கடைத்தெருவுக்கு நடுவிலுள்ள மார்க்ட்பிளாட்ஸ் சதுக்கம் அங்கிருந்து சுமார் இரண்டு கிலோமீட்டர் தூரமாகிவிட்டது. வெளியூர்களிலிருந்து ரயிலில் வேலைக்கு வந்தவர் நிலையத்தில் இறங்கி டிராமுக்குக் காத்திருக்க வேண்டியிருந்தது. வீட்டில் கார் இருப்பவர் இந்தக் காத்திருப்பை ஏன் பொறுத்துக்கொள்ளப் போகிறார்?

ஊர்ப் போக்குவரத்து நிறுவனத்தின் தலைவராக இருந்த டீட்டர் லூட்விக், டிராமையே ரயில் பாதையில் ஓட்டுவோம் என்றார். சொல்ல எளிது. டிராம் கம்பியில் 750 வோல்ட் நேர்மின்சாரம். ரயில் பாதைக் கம்பியில் 15,000 வோல்ட் மாறுமின்சாரம். இரண்டையும் ஏற்கும் வண்டியைச் செய்து, இரண்டுக்கும் இடையே மின்சாரமே இல்லாத சிறு துண்டுப் பாதையை அது ஓடிவந்த வேகத்திலேயே கடக்கும்படி வைத்தார்கள். தெருத் தண்டவாளத்துக்கும் ரயில் பாதைக்கும் பொதுவாகச் சக்கரத்தின் வடிவத்தைத் திருத்தினார்கள். கனரக ரயிலைப்போல் மோதலைத் தாங்கும் உடல் டிராமுக்கு இல்லையே என்ற நியாயமான அச்சத்துக்கு, சட்டென்று நிறுத்தும் வலிமையான பிரேக்குகள் பதிலாயின. 1992 செப்டம்பரில் பிரெட்டன் என்ற ஊர் வரை வண்டி ஓடத் தொடங்கியது; சில வாரங்களிலேயே பயணிகள் பல மடங்கானார்கள்.

நீ இங்கே மறுக்கலாம்: கூடவே வண்டிகளையும் நிறுத்தங்களையும் கூட்டினார்களே, கூட்டம் அதனால் வந்திருக்காதா என்று. ஓரளவு உண்மைதான். ஆனால் வழக்கமான ரயிலை அடிக்கடி விட்டிருந்தாலும் அது அதே நிலையத்தில்தான் ஆட்களை இறக்கியிருக்கும். வழிநெடுக நின்று கிளம்புவதற்கும், சட்டென்று வேகமெடுக்கும் இலகுவான வண்டியே தோது. ஆகவே அந்த இரண்டு காரணங்களையும் இதிலிருந்து பிரித்துப் பார்க்க முடியாது.

இன்னொரு மறுப்பு கனமானது. ஏறக்குறைய எல்லாப் பாதைகளும் கைசர்ஸ்ட்ராசே என்ற ஒரே கடைத்தெருவில் வந்து சேர்ந்ததால், அங்கே டிராம்கள் சுவர் எழுப்பியதுபோல் வரிசைகட்டி நின்றன. இதைத் தீர்க்க வந்த சுரங்கப்பாதைத் திட்டத்தை 1996 வாக்கெடுப்பில் மக்கள் நிராகரித்தார்கள். திருத்திய திட்டத்தை 2002-இல் ஏற்றார்கள். 2021 டிசம்பரில் அது திறக்கப்பட்டபோது செலவு முதல் மதிப்பீட்டைப்போல் இரு மடங்குக்கு மேல். பெரிய விலைதான், மழுப்ப மாட்டேன். ஆனாலும், வெளியூர் வண்டிகளைப் பழையபடி நிலையத்தோடு நிறுத்தியிருந்தால் நெரிசல் மலிவாகக் குறைந்திருக்கும். ஊர் அந்த வழியில் போகாமல் செலவை ஏற்றது. கிடைத்த வசதியின் மதிப்பை நான் இதிலிருந்துதான் கணிக்கிறேன்.

அதற்காக எல்லா ஊருக்கும் இது பொருந்தும் என்று எண்ணிவிடாதே. 1997-இல் இதைப் பின்பற்றிய ஸார்ப்ரூக்கன், பிரான்ஸ் எல்லை தாண்டி ஸார்கெமின் வரை டிராம் விட்டது. இன்னொரு ஜெர்மன் நகரமான ஃப்ரைபுர்க்கிலோ டிராம் மீட்டர் கேஜில் ஓடுகிறது. அதைவிட அகலமான ரயில் பாதையில் அந்தச் சக்கரம் ஏறவே ஏறாது. நிலையம் ஊர் நடுவிலேயே இருந்தால் இந்த ஏற்பாட்டால் மிச்சமாகும் நடையும் குறைவு. அதனால் வேறொரு நகரத்துக்கு இதைப் பரிந்துரைக்கும் கட்டுரை உன் கையில் கிடைத்தால், தண்டவாளத்தின் அகலத்தையும் நிலையம் இருக்கும் இடத்தையும் முதலில் வரைபடத்தில் தேடு.

அன்புடன்,
அத்தை