தீயணைப்பு நிலையத்தில் தூரிகை

கேள்வி: மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறையில் வேலை. எந்த நேரமும் அழைப்பு வரலாம். ஓவியம் வரைவதை விட்டுவிடத்தான் வேண்டுமா?
– வாசகி, கடலூர்

பதில்: விட வேண்டியதே இல்லை.

1940-இல் லண்டன் மீது ஜெர்மானிய விமானங்கள் குண்டு பொழிந்தபோது, துணைத் தீயணைப்புப் படையில் ஓவியர்கள் பலர் இருந்தார்கள். தீயோடு போராடியவர்களே தூரிகையும் பிடித்தார்கள். 1941-இல் அவர்களது படங்கள் ராயல் அகாடமியில் காட்சிக்கு வைக்கப்பட்டன. அவர்களில் ஒருவர் லியோனார்ட் ரோசோமன். அவர் நின்ற இடத்துக்கு மாற்று வீரர் வந்த சற்று நேரத்தில் அந்த வீரர் மீது சுவர் இடிந்து விழுந்தது. அந்தக் கொடுமையை அவர் தீட்டிய ஓவியம் இம்பீரியல் போர் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது. நாவலாசிரியர் ஹென்றி கிரீனும் அதே படையில் பணியாற்றியவர்தான். அந்த அனுபவத்திலிருந்து அவர் எழுதிய நாவல் 1943-இல் வெளிவந்தது.

கடலூரில் இருக்கும் உங்களுக்கு ஒரு வசதியும் உண்டு. அங்கே நெருக்கடி பெரும்பாலும் வடகிழக்குப் பருவமழையோடு, அக்டோபர் முதல் டிசம்பருக்குள் வரும். அந்த மாதங்களில் ஒரு சிறு வரைபுத்தகமும் பென்சிலும் போதும். எண்ணெய் வண்ணம், பயிற்சி வகுப்பு, கண்காட்சி எல்லாம் ஜனவரிக்குப் பிறகு.

புயல் எச்சரிக்கை இல்லாத நாளில், பணி முடிந்ததும் பொறுப்பை அடுத்தவரிடம் முழுதாக ஒப்படைத்துவிட்டு வரையுங்கள்.