கார்புரேட்டர் சுத்தம்

பெட்ரோல் பம்ப்செட்டின் கார்புரேட்டரைச் சிறு பாகங்கள் தொலையாமலும் கெடாமலும் வீட்டிலேயே சுத்தம் செய்ய முடியுமா?

தாராளமாக முடியும். பெட்ரோல் வரத்தை அடைத்துவிட்டு, வெள்ளைத் துணி விரித்த தட்டின் மேல் வைத்துக் கழற்றினால், மிதவையைத் தாங்கும் சிறு ஊசியும் அதனுடன் வரும் கூம்பு வால்வும் நழுவினாலும் கண்ணில் படும். காற்றும் பெட்ரோலும் கலக்கும் அளவைச் சீராக்கும் ஸ்க்ரூவை எடுக்குமுன், அதை மெல்ல உள்ளே முட்டும்வரை திருகி, எத்தனை சுற்று என்று குறித்துக்கொள்வது மிக முக்கியம். இறுக்கினால் முனை சிதையும். பெட்ரோலை அளந்துவிடும் ஜெட் மென்மையான பித்தளை என்பதால், இரும்புக் கம்பியால் குத்தினால் துளை பெரிதாகி எரிபொருள் வீணாகும். மின்வயரின் ஒற்றைச் செம்பு இழையே போதும். ரப்பர் வளையங்களையும் மிதவையையும் நீக்கிய பிறகே கிளீனர் தெளிக்க வேண்டும்.