அபாயம் என்னும் சொல்லின் பொருள்

பூச்சிமருந்துப் புட்டியில் 'டேஞ்சர்', அதாவது அபாயம், என்று கண்டால் அதனினும் கொடியது வேறில்லை என்று குடியானவர்கள் எண்ணுவது இயல்பு. உலக வழக்கில் அச்சொல் உயிர்ச்சேதம் நேரக்கூடிய நிலையைக் குறிக்கும். ஆனால் இந்தியாவின் 1971ஆம் வருஷத்துப் பூச்சிகொல்லி விதிகளின்படி அது நான்கு படிகளுள் மூன்றாவதற்கே உரியது.

புட்டியிலுள்ள சாய்சதுரத்தை நோக்குக. கீழ்ப்பாதி சிவப்பாயின் மிகக் கொடிய நஞ்சு. மேற்பாதியில் மண்டையோடும் 'விஷம்' என்ற சொல்லும் இருக்கும். மஞ்சளாயின் கடும் நஞ்சு. 'விஷம்' என்ற சொல் மட்டும் இருக்கும். நீலத்திற்கு 'அபாயம்', பச்சைக்கு 'எச்சரிக்கை'.

சோதனைப் பிராணிகளுக்கு வாய்வழி கொடுத்தால் அவற்றுள் பாதியைக் கொல்லும் அளவு, உடல் எடையில் கிலோ ஒன்றுக்கு, சிவப்பில் 50 மில்லிகிராம் வரை. நீலத்தில் 501 முதல் 5000 வரை.

ஆகவே 'அபாயம்' என்று எழுதப்படாமையால் ஒரு மருந்தைச் சாதுவானதென்று கொள்ளலாகாது. அதனினும் கடிய சொல் அங்கே இருக்கக்கூடும். பச்சையும் தீங்கற்றதன்று. எழுத்தறியாத வேலையாட்களுக்கு நிறங்களைக் கற்பித்தல் மிராசுதார்களின் கடமை. மருந்தை வேறு புட்டிக்கு மாற்றினால் சொல்லும் நிறமும் நீங்கி நஞ்சு மாத்திரம் எஞ்சும். ஆதலின் அதன் புட்டியிலேயே வைத்துப் பூட்டுக. விஷம் தாக்கியவரை வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுங்கால் அப்புட்டியையும் உடன் எடுத்துச் செல்லுமாறு கிராம உத்தியோகஸ்தர்கள் அறிவித்தல் நலம்.