மானகிரியில் மார்கழி: பிள்ளைகளோடு ஊருக்கு வருகிறவர்களுக்கு

அரையாண்டுத் தேர்வு முடிந்த மறுநாள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு காரைக்குடிப் பக்கத்து மானகிரிக்குக் கிளம்பிவிடுவோம். வருடம் முழுக்கப் பூட்டிக் கிடக்கும் ஐயா வீடு அந்தப் பத்து நாள் திறந்திருக்கும். முதல் தடவை வந்தபோது ஒரு தவறு செய்தேன். நாலு நாளில் நகரத்தாரின் ஒன்பது நகரக் கோயில், திருமயம் கோட்டை, கானாடுகாத்தான் அரண்மனை எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்று காலை ஆறு மணிக்கே காரில் ஏற்றினேன். பள்ளி திறந்ததும் சின்னவன் எழுதிய விடுமுறைக் கட்டுரையில் கார் இருந்தது, கார் ஜன்னல் இருந்தது, வாந்தி எடுத்தது இருந்தது. வீடு இல்லை. அதற்குப் பிறகு எங்கள் முறையையே மாற்றிவிட்டோம். பங்காளி வீட்டுப் பெண்கள் வருடா வருடம் கேட்பதால், செய்ய வேண்டியதையும் கூடாததையும் எழுதி வைக்கிறேன்.

கிளம்புமுன்

டிக்கெட்டை அக்டோபர் கடைசியிலேயே எடுத்துவிடுங்கள். முன்பு 120 நாளுக்கு முன்னால் முன்பதிவு செய்யலாம். 2024 நவம்பரிலிருந்து 60 நாள்தான். சென்னையிலிருந்து வருகிறவர்களுக்குப் பல்லவன் ரயில் நல்லது. பிற்பகலில் கிளம்பி இரவு தூங்கும் நேரத்துக்குக் காரைக்குடியில் இறக்கிவிடும். இராமேசுவரம் வண்டிகள் நள்ளிரவிலோ அதற்குப் பிறகோ வந்து சேரும். தூங்கும் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு பெட்டி இறக்க வேண்டியிருக்கும். விமானத்தில் வருகிறவர்களுக்கு மதுரை, திருச்சி இரண்டுமே ஏறக்குறைய ஒரே தூரம்தான், 90 கிலோமீட்டர் வாக்கில்.

வீட்டைத் திறந்து சுத்தம் பண்ண ஒரு வாரம் முன்னாலேயே ஆள் சொல்லுங்கள். பூட்டிக் கிடந்த வீட்டுக்குள் பிள்ளைகளை நேராக விடாதீர்கள். அடுக்கி வைத்த பாய்க்குள்ளும் விறகுக்குள்ளும் தேள் இருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழை முழுக்க நம் வளவு முற்றத்தில்தான் இறங்கியிருக்கும். கவிழ்க்காமல் விட்ட அண்டா, கங்காளம், உரல் குழி, உடைந்த ஜாடி எல்லாவற்றிலும் தண்ணீர் நிற்கும். டெங்குக் கொசுவுக்கு அந்த ஒரு குவளைத் தண்ணீரும் பத்து நாளும் போதும். ஆள் வந்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை பாத்திரங்களைக் கவிழ்ப்பது. பெருக்குவது அதற்குப் பிறகுதான்.

பங்காளிகளுக்குத் தெரிவிக்காமல் வராதீர்கள். வளவைச் சுற்றியுள்ள அறைகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு புள்ளிக்கு, அதாவது கல்யாணமான ஒவ்வொருவர் குடும்பத்துக்கு, உரியவை. பூட்டிய அறையைத் தட்டிப் பார்த்துப் பிள்ளைகள் “இது யார் ரூம்?” என்று கேட்பார்கள். யாருடையது, அவர்கள் இப்போது எந்த ஊரில் இருக்கிறார்கள், நமக்கு என்ன முறை என்று சொல்லுங்கள். குடும்பத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர அந்தப் பூட்டுகளைவிட நல்ல படம் இல்லை.

வீட்டுக்குள்

முதல் இரண்டு நாள் எங்கும் போகாதீர்கள். பிள்ளைகள் வீட்டில் ஓடட்டும். முகப்பிலிருந்து வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி, பின்வாசல் என்று ஒரே கோட்டில் கதவுகள் இருக்கும். தெருவில் நின்றால் கொல்லை தெரியும். நகரத்தில் மூன்று அறைக்குள் வளர்கிற பிள்ளைக்கு அந்த நீளமே ஒரு விளையாட்டு.

“போர் அடிக்குது” என்று சொன்னால் உடனே போனைக் கையில் கொடுக்காதீர்கள். ஒரு மதியம் பொறுத்தால் போதும். எங்கள் வீட்டில் அப்படி ஒரு மதியம்தான் பரணிலிருந்து பல்லாங்குழி இறங்கியது. சோழி கிடைக்கவில்லை; புளியங்கொட்டையை வைத்து அப்பத்தா ஆட்டம் சொல்லிக்கொடுத்தார். அன்றிரவு சாப்பாட்டுக்குக் கூப்பிட்டும் யாரும் எழுந்து வரவில்லை.

சுவரில் டேப் ஒட்டாதீர்கள், ஒட்ட விடாதீர்கள். சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து இழைத்த பூச்சு அது. பெயர்ந்தால் அதே மாதிரி பூசும் கை இன்று எளிதில் கிடைக்காது. ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் ஆசிட் ஊற்றவே கூடாது, நிறம் போய்விடும். வெறும் தண்ணீரில் துடைத்தால் போதும். கால் படப்படத்தான் அந்தத் தரைக்கு மினுக்கம் ஏறும்.

முறை சொல்லிக் கூப்பிடப் பழக்குங்கள். ஆயா, ஐயா, அப்பத்தா, ஆச்சி என்று வாய் நிறையக் கூப்பிட்டால் பெரியவர்கள் முகம் மாறுவதைப் பிள்ளைகளே பார்ப்பார்கள். எல்லோரையும் ‘ஆன்ட்டி’, ‘அங்கிள்’ என்று முடித்துவிட வேண்டாம்.

இதைவிட முக்கியமாக ஒன்று. வீட்டைப் பார்த்துக்கொள்கிறவரை, சமைக்க வரும் அம்மாவை, தோட்டத்தில் வேலை செய்கிறவரைப் பிள்ளைகள் ‘நீ, வா, போ’ என்று பேச ஒருநாளும் விடாதீர்கள். நம் வீடுகளில் பழைய நாளில் அந்தப் பழக்கம் இருந்தது. அது தவறு. பத்து வயதுப் பிள்ளை அறுபது வயதுக்காரரைப் பெயர் சொல்லி அழைத்ததை நான் கேட்டிருக்கிறேன்; அவர் தலையைக் குனிந்துகொண்டு வாளியைத் தூக்கிப்போனதையும் பார்த்திருக்கிறேன். அண்ணன், அக்கா, ஐயா என்று நமக்குப் போலவே அவர்களுக்கும் முறை உண்டு. நாம் வராத பதினோரு மாதமும் பூட்டிய வீட்டைக் காத்து நிற்கிறவர்கள் அவர்கள்தான்.

வேலையைப் பிரித்துக் கொடுக்கும்போது பையன், பெண் என்று பார்க்காதீர்கள். விடியற்காலை வாசல் தெளிப்பது ஒருவருக்கு, பாய் சுருட்டுவது ஒருவருக்கு, தேங்காய் துருவுவது ஒருவருக்கு. எங்கள் வீட்டில் நடுவீட்டுக் கோலம் அழகாகப் போடுவது அண்ணன் மகன்தான்.

தண்ணீரும் இரவும்

இந்தப் பகுதியை மட்டுமாவது எல்லோரும் படியுங்கள்.

மார்கழியில் ஊருணி நிரம்பி நிற்கும். பெரியவர் ஒருவர் கூட இல்லாமல் பிள்ளைகளை ஊருணிப் பக்கம் அனுப்பாதீர்கள். நகரத்துப் பிள்ளைக்கு நீச்சல் தெரிந்திருக்கலாம், ஆனால் நீச்சல் குளத்தின் நீலத் தரைக்குப் பழகியது அது. கலங்கிய தண்ணீரில் படி எங்கே முடிகிறது, பள்ளம் எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. பாசிப்படி வழுக்கும். குடிதண்ணீர் ஊருணி என்றால் காலைக்கூட நனைக்கக் கூடாது. செருப்பைக் கரையில் கழற்றுவது ஊர் வழக்கம். கொல்லைக் கிணற்றுக்குக் கம்பி மூடி போட்டிருக்கிறதா என்று வந்த அன்றே நீங்களே போய்ப் பாருங்கள். பிறர் சொன்னதை நம்பி இருந்துவிடாதீர்கள்.

இரவில் எல்லாப் பிள்ளைகளும் வரிசையாகத் தரையில் படுக்கத்தான் ஆசைப்படுவார்கள். படுக்கட்டும். ஆனால் கொசுவலை கட்டி, நாலு பக்கமும் பாய்க்கு அடியில் செருகிவிடுங்கள். கொசுவுக்காக மட்டும் சொல்லவில்லை. கட்டுவிரியன் இரவில்தான் நடமாடும்; தரையில் தூங்குகிறவர்களைத்தான் பெரும்பாலும் கடிக்கும். கடித்தது தெரியாது, வலி அவ்வளவாக இருக்காது, தடமும் சரியாகத் தெரியாது. விடியும்போது பிள்ளை வயிற்றுவலி என்று சொல்லி, கண் இமை தானாகச் சரிந்தால், அஜீரணம் என்று ஓமத் தண்ணீர் கொடுத்துக்கொண்டு உட்காராதீர்கள். உடனே 108. கீறுவது, உறிஞ்சுவது, இறுக்கிக் கட்டுவது எதுவும் வேண்டாம். அசையாமல் படுக்க வைத்துக் கொண்டுபோங்கள். மானகிரியிலேயே பெரிய மருத்துவமனை இருக்கிறது, காரைக்குடியில் அரசு மருத்துவமனை இருக்கிறது. விஷமுறிவு மருந்து இருக்கிறதா என்று போகும்போதே போனில் கேட்டுக்கொள்ளுங்கள்.

காய்ச்சல் வந்தால் பாராசிட்டமால் மட்டும். டெங்கு இல்லை என்று தெரியும்வரை வேறு வலிநிவாரணி எதையும் கொடுக்கக் கூடாது.

பிள்ளையார் நோன்பு

முடிந்தால் இந்த நாளைச் சேர்த்தே விடுமுறையைத் திட்டமிடுங்கள். திருக்கார்த்திகையிலிருந்து 21 நாள் எண்ணி, மார்கழியில் சஷ்டியும் சதயமும் கூடும் நாளில் வரும். பெரும்பாலும் டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி முதல் வாரத்துக்குள் விழும். பள்ளி திறந்துவிட்டால் ஒருநாள் லீவு போடுங்கள். அந்த ஒருநாள் பாடத்தைப் பிறகு படித்துக்கொள்ளலாம்.

புது வேட்டியிலிருந்து நாளுக்கு ஓர் இழையாக எடுத்துச் சேர்த்து, 21 இழையைத் திரியாக்குகிறோம். அந்தக் காலத்தில் கடல் மேல் போன நகரத்தார் புயலில் சிக்கி, நாள் தெரியாமல் போகக் கூடாதே என்று தினம் ஓர் இழை எடுத்து எண்ணினார்கள் என்று ஒரு கதை சொல்வார்கள். கருப்பட்டி சேர்த்துப் பிசைந்த மாவில் பிள்ளையார் பிடித்து, அதில் திரியை வைத்து நெய்யில் ஏற்றுவார்கள். வீட்டில் மூத்தவர் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுச் சுடரோடு அப்படியே கையில் தருவார். வாங்கி வாயில் போட்டுக்கொள்ள வேண்டும். இதைத்தான் இழை எடுப்பது என்போம்.

என் மகள் முதன்முதலாக இழை எடுத்தபோது ஏழு வயது. ஐயா கையிலிருந்து சுடர் நடுங்கிக்கொண்டே வந்தது. அவள் வாயைத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள். ஐயா அவசரப்படுத்தவில்லை. சுடர் உதட்டைத் தாண்டியதும் அணைந்துவிட்டது. நெய்யும் கருப்பட்டியும் நாக்கில் பட்டு அவள் கண் விரிந்ததைப் பார்த்துச் சுற்றி நின்ற அத்தனை பேரும் சேர்ந்து மூச்சு விட்டோம்.

செய்ய வேண்டியது: சின்னப் பிள்ளைக்குச் சின்னதாகப் பிடியுங்கள், முடியை இறுகப் பின்னிவிடுங்கள், பருத்தி உடுப்பு போடுங்கள். கூடாதது: நைலான் பாவாடை, கட்டாயம், “அவன் எடுத்துட்டான் பாரு” என்ற ஒப்பீடு. பயந்த பிள்ளைக்குச் சுடரை அணைத்துக் கொடுத்தால் ஒன்றும் குறைந்துவிடாது. கைக்குழந்தைக்காக எங்கள் வீட்டில் தாய்தான் எடுத்துக்கொள்வாள். போட்டோவுக்காக யாரையும் இரண்டாம் தடவை எடுக்கச் சொல்லாதீர்கள்.

வெளியே போனால்

ஒரு நாளைக்கு ஓர் இடம். மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிட வேண்டும்.

பிள்ளையார்பட்டிக்கு ஜனவரி 1 அன்று போகாதீர்கள். சின்னப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு அந்த வரிசையில் நிற்க முடியாது. வேறொரு வார நாளில் விடியற்காலை போங்கள். பாறையைக் குடைந்த கோயில் என்பதை முதலிலேயே சொல்லிவிட்டால், கட்டிய இடம் எங்கே முடிகிறது, மலை எங்கே தொடங்குகிறது என்று பிள்ளைகளே தேடுவார்கள். குன்றக்குடி பக்கம்தான், படி ஏற விடுங்கள், தூக்காதீர்கள்.

ஆத்தங்குடியில் கல் செய்யும் பட்டறைக்குக் கட்டாயம் கூட்டிப்போங்கள். அடியில் கண்ணாடித் தகடு. அதன்மேல் பூ வடிவச் சட்டம். ஒவ்வொரு கட்டத்திலும் வண்ணச் சிமெண்ட் குழம்பைத் தொழிலாளி அகப்பையால் ஊற்றுவார். சட்டத்தை நேராக மேலே தூக்குவார், ஒரு வண்ணம் இன்னொன்றோடு கலக்காது. காய்ந்த கலவையைத் தூவி, மேலே மணல் சிமெண்ட் வைத்து அழுத்தி ஓரம் கட்டுவார். பிறகு தண்ணீர்த் தொட்டியில் ஊறவேண்டும். சூளை கிடையாது, தீ கிடையாது. காய்ந்ததும் கண்ணாடி தானாக விட்டுவிடும். கண்ணாடியின் வழவழப்பு கல்லுக்கு வந்திருக்கும். ஈரச் சிமெண்டைப் பிள்ளைகள் தொட்டால் உடனே கழுவுங்கள், தோலைப் புண்ணாக்கும். ஒரு கல்லாவது வாங்காமல் திரும்பாதீர்கள்.

திருப்பத்தூர்ப் பக்கம் வேட்டங்குடிக்கும் போங்கள். 1977இல் சரணாலயமானது. ஆனால் அதற்கு முன்பிருந்தே பறவைகளைக் காத்தது கொள்ளுகுடிப்பட்டிச் சனங்கள்தான். கண்மாய் மரங்களில் கூடு கட்டிய பறவைகள் மிரளக் கூடாது என்று தீபாவளிக்குக்கூட அவர்கள் வெடி போடுவதில்லை. அங்கே போய்க் காரில் பாட்டு வைக்காதீர்கள், மரத்தில் கல்லெறிய விடாதீர்கள். மழை குறைந்த வருடம் கண்மாய் வறண்டிருக்கும், விசாரித்துவிட்டுப் போங்கள்.

திருமயம் கோட்டை உச்சியில் கையை விடாதீர்கள். கானாடுகாத்தானில் திறந்திருக்கும் கதவெல்லாம் நம்மை அழைப்பதாக நினைக்காதீர்கள். உள்ளே ஆள் குடியிருக்கலாம், கேட்டுவிட்டு நுழையுங்கள்.

பொங்கல்வரை இருக்கிறவர்கள் சிராவயல் மஞ்சுவிரட்டுக்குப் பிள்ளைகளைப் பொட்டலுக்குள் கூட்டிப்போக வேண்டாம். மாடு எந்தப் பக்கம் திரும்பும் என்று யாருக்கும் தெரியாது. காலையில் பக்கத்து வீட்டுத் தொழுவத்தில் மாட்டைக் குளிப்பாட்டுவதைக் காட்டுங்கள், அதுவே அவர்களுக்குப் பெரிய விழா.

பூட்டும்போது

பழைய சாமான் வாங்குகிறவர்கள் நாம் வந்ததை மோப்பம் பிடித்து வருவார்கள். எனாமல் தூக்கோ மரப்பெட்டியோ, எதையும் கிளம்புகிற அவசரத்தில் விற்காதீர்கள். பங்காளிகளைக் கேட்காமல் விற்கவே கூடாது. அதற்குப் பதிலாகப் பிள்ளைகளை உட்கார்த்தி வைத்துப் பட்டியல் எழுதச் சொல்லுங்கள்: கங்காளம் 3, பித்தளைக் குடம் 7, பெயர் பொறித்தது 4. யார் பெயர், யாருக்கு யார் என்று கேட்டு அதையும் எழுதச் சொல்லுங்கள். எங்கள் நோட்டில் இப்போது மூன்று பிள்ளைகளின் கையெழுத்து இருக்கிறது.

மோட்டார் சுவிட்சை அணையுங்கள். அண்டாக்களை மறுபடி கவிழுங்கள். கொசுவலைகளை மடித்துப் பெட்டியில் வையுங்கள். முகப்புக் கதவின் பெரிய சாவியைச் சின்னவனிடம் கொடுங்கள். இரண்டு கையாலும் பிடித்துத்தான் திருப்ப முடியும், இரண்டு சுற்று. போன மார்கழியில் எங்கள் சின்னவன் ஒரு சுற்று திருப்பிவிட்டு, உள்ளே ஏதோ மறந்துவிட்டது என்று மறுபடி திறந்தான்.