முதல் சோறு

நுழையும்முன்

பாலின் சுவை மட்டுமே அறிந்த நாவில் சோற்றின் சுவை முதன்முதலாகப் படும் நாளைக் குடும்பங்கள் விழாவாகக் கொண்டாடுகின்றன. அந்நாள் எப்போது வரவேண்டும், அன்று தொடங்கும் உணவு எத்தன்மையதாக இருக்கவேண்டும் என்பவற்றை அறிவது குழந்தையின் வாழ்நாள் நலனோடு தொடர்புடையது. அண்ணனாகவும் அக்காவாகவும் நாளைய பெற்றோராகவும் விளங்கும் நீங்கள் அறிந்திருக்க வேண்டிய செய்திகளை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

இலக்கியத்தில் குழந்தையின் உணவு

மக்கட்பேற்றின் இன்பத்தைப் பேசவந்த நம் முன்னோர், குழந்தை உண்ணும் காட்சியையே அதற்குச் சான்றாக்கினர். குழந்தையின் கைபட்ட கூழின் இனிமையைத் திருக்குறளின் மக்கட்பேறு அதிகாரம் போற்றுகிறது. நெய்ச்சோற்றை மேனியெங்கும் பூசிக்கொள்ளும் மக்களைப் பெறாத வாழ்வு, செல்வம் மிகுந்திருப்பினும் பயனற்றது என்கிறார் பாண்டியன் அறிவுடைநம்பி. புறநானூற்றின் 188ஆம் பாடல் இக்கருத்தை உரைக்கிறது. சிந்தியும் சிதறியும் தானே உண்ண முயலும் குழந்தையைக் கடிந்துகொள்ளாத உள்ளம் அன்றே நம்மிடம் இருந்தது.

தமிழகத்தில் குலதெய்வக் கோயிலிலோ இல்லத்திலோ சோறூட்டும் சடங்கு நிகழ்கிறது. கேரளத்தில் இது 'சோறூண்' எனப்படுகிறது. வங்காளத்தில் தாய்மாமன் முதல் சோற்றை ஊட்டுவது வழக்கம்.

ஆறு மாதம் ஏன்?

பிறந்தது முதல் ஆறு மாதம் நிறையும்வரை தாய்ப்பால் மட்டுமே போதுமானது, தண்ணீரும் வேண்டியதில்லை. முன்பு நான்கு முதல் ஆறு மாதத்திற்குள் பிற உணவைத் தொடங்கலாம் என்றே அறிவுறுத்தப்பட்டது. ஆய்வுகளின் அடிப்படையில் 2001ஆம் ஆண்டு உலக சுகாதாரப் பேரவை ஆறு மாதம் என வரையறுத்தது. ஆகவே, நான்காம் மாதத்தில் கஞ்சி ஊட்டிய பாட்டியை அறியாதவர் என எண்ணுதல் தகாது. அவர் தம் காலத்து அறிவுரையைப் பின்பற்றினார். இன்றைய அறிவை அவருக்குப் பணிவோடு எடுத்துரைப்பது இளையோர் கடமை.

காலம் தாழ்த்துவதும் தீங்கே. கருவிலிருந்தபோது குழந்தை சேமித்த இரும்புச்சத்து ஆறாம் மாத அளவில் குறைந்துவிடுகிறது. தாய்ப்பாலில் உள்ள சிறிதளவு இரும்புச்சத்து அதனை ஈடுசெய்யாது. இக்குறை நீடித்தால் இரத்தசோகை உண்டாகும். மூளை வளர்ச்சியும் பாதிக்கப்படும். தலை நிமிர்ந்து நிற்றல், சார்ந்து அமர்தல், வாயில் இட்டதை நாவால் வெளித்தள்ளாமை ஆகியன குழந்தை உணவிற்கு ஆயத்தமானதைக் காட்டும் அறிகுறிகள்.

பருப்புத் தண்ணீர் போதுமா?

பருப்பு வெந்த நீரை மட்டும் வடித்து ஊட்டும் வழக்கம் பல இல்லங்களில் உள்ளது. பருப்பின் சத்தில் பெரும்பகுதி பருப்பிலேயே தங்கிவிடுகிறது. அக்குழந்தையின் இரைப்பை ஏறத்தாழ 200 மில்லிலிட்டர் கொள்ளும். அச்சிறு இடத்தை நீரால் நிரப்பினால் வயிறு நிறையும், உடல் வளராது. கரண்டியைச் சாய்த்தால் வழிந்தோடாத பதமே இணை உணவிற்கு ஏற்றது. குழைந்த சோற்றுடன் பருப்பை மசித்து, சிறிது நெய் சேர்த்து ஊட்டலாம்.

கேழ்வரகை முளைகட்டி, உலர்த்தி, அரைத்துக் கூழாக்குவதில் நுட்பமான அறிவியல் உண்டு. முளைக்கும்போது தோன்றும் நொதி மாவுப்பொருளைச் சிதைப்பதால் கூழ் கெட்டியாவதில்லை. எனவே, அதே அளவு கூழில் மிகுதியான மாவைச் சேர்க்க முடிகிறது. மசித்த கீரை, வாழைப்பழம், நன்கு வெந்த முட்டை, முள் நீக்கிய மீன் ஆகியவற்றையும் படிப்படியாகச் சேர்க்க வேண்டும்.

ஊட்டும் முறை

இரண்டு மூன்று தேக்கரண்டியில் தொடங்கி மெல்ல மெல்ல அளவைக் கூட்டுதல் நன்று. ஆறு முதல் எட்டு மாதம்வரை நாளொன்றுக்கு இரண்டு அல்லது மூன்று முறையும், ஒன்பதாம் மாதம் முதல் மூன்று அல்லது நான்கு முறையும் உணவளிக்க வேண்டும். தாய்ப்பாலை இரண்டு வயதுவரையும் அதற்கு மேலும் தொடரலாம். ஒருமுறை துப்பிய உணவைக் குழந்தை வெறுத்ததாகக் கருதக்கூடாது. பலமுறை சுவைத்தபின்னரே புதிய சுவை பழகும். வற்புறுத்தித் திணித்தலும் கைப்பேசியைக் காட்டி ஊட்டுதலும் தன் பசியை உணரும் ஆற்றலைக் குழந்தையிடமிருந்து பறித்துவிடும்.

தெரிந்து தெளிவோம்

ஓராண்டு நிறையாத குழந்தைக்குத் தேன் தரக்கூடாது. அதிலிருக்கக்கூடிய நுண்ணுயிரி வித்துகள் குடலில் வளர்ந்து, தசைகளைச் செயலிழக்கச் செய்யும் நச்சை உண்டாக்கலாம். முழு நிலக்கடலை, திராட்சை போன்றவை மூச்சுக்குழலை அடைக்கக்கூடும்.

கருவுற்ற நாள் முதல் இரண்டு வயதுவரை ஏறத்தாழ 1000 நாள்கள். உடலுக்கும் மூளைக்கும் அடித்தளம் அமையும் காலம் இதுவே. ஒரு தேக்கரண்டிச் சோற்றில் ஒரு தலைமுறையின் நலம் அடங்கியுள்ளது என்பதை உணர்ந்து செயல்படுவோம்.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் பகுதி அங்கன்வாடிக்குச் சென்று, அங்கு வழங்கப்படும் இணை உணவு பற்றிக் கேட்டறிந்து குறிப்பு எழுதுக.
2. உங்கள் பாட்டி, தாய் ஆகியோரிடம் முதல் சோறு ஊட்டிய முறையைக் கேட்டு, இக்கால மருத்துவ அறிவுரையோடு ஒப்பிட்டு வகுப்பறையில் கலந்துரையாடுக.